பிள்ளைக்குப் பெட்டு

விநாயக சதுர்த்திக்குத் திருப்பதிச் சந்தையில் இருபத்தோரு வகை இலையைச் சேர்த்துக் கட்டி விற்பார்கள். தங்கச்சி வாங்கி வந்ததும் நான் முதலில் தேடுவது ஊமத்தை இலையைத்தான். ஓரம் வெட்டு வெட்டாக இருக்கும், கசக்கினால் குமட்டும். அதை உருவி முந்தானையில் முடிந்துகொண்டால்தான் எனக்கு மூச்சு வரும். "ஒரு இலை கொறைஞ்சா சாமி கோச்சுக்காதாக்கா?" என்று வருஷா வருஷம் சிரிப்பாள். அவளுக்கு இரண்டு வயதில் நடந்தது. அவளுக்கு நினைவில்லை, எனக்கு எதுவும் மறக்கவில்லை.

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லைக்கோடு எங்கே விழுமோ என்று பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். பள்ளிக்கூடத்துக்கு நாயுடுபேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அய்யவாரு வந்தார். தெலுங்கில் வாத்தியாரை அப்படித்தான் சொல்வார்கள். எங்களுக்காக நாளுக்கு ஒரு தமிழ்ச் சொல்லாகக் கற்றுக்கொண்டார். அவர் தப்பாகப் பேசினால் நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார்.

சதுர்த்தியன்று வேலியோரம் எங்களை அனுப்பி இலை பறித்துவரச் சொன்னார். பூசை முடிந்ததும் எனக்குக் கொழுக்கட்டையும் மிச்சமிருந்த ஊமத்தை இலையும் கொடுத்து, "இண்ட்ல பிள்ளைக்கி பெட்டு" என்றார். வீட்டில் பிள்ளையாருக்கு வை என்று சொல்ல வந்தவர் பிள்ளையாரைப் பாதியில் விட்டுவிட்டார். பெட்டு என்றால் வை என்றும் ஆகும், ஊட்டு என்றும் ஆகும். எதிர்வீட்டுத் தெலுங்கம்மா 'பிள்ளகு அன்னம் பெட்டு' என்று கத்துவதைத் தினமும் கேட்டவள் நான். எங்கள் வீட்டில் பிள்ளை என்றால் தங்கச்சிதான். ஊமத்தை ஆகாது என்று தெரியும். ஆனால் சாமிக்கு வைத்தது, அய்யவாரு சொன்னது. கிள்ளிக் கிள்ளிப் பூரணத்துக்குள் மறைத்து ஊட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் முகம் நெருப்பாய்ச் சிவந்தது. கருவிழி பெருத்துக் கண் முழுக்கக் கறுத்தது. இல்லாத நூலை இழுப்பதுபோல் காற்றைப் பிடித்து இழுத்தாள். அம்மா பேய் என்று அலறினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அய்யவாரு வந்தார். கண்ணைப் பார்த்ததும், "ஏமி துன்னிச்சி? சொல்லும்மா" என்றார். சொன்னால் நைனா கொன்றுவிடுவார், சொல்லாவிட்டால் இவள் போய்விடுவாள். "நீங்கதானே அய்யவாரே, பிள்ளைக்கு பெட்டுன்னீங்க" என்று மிச்ச இலையைக் காட்டினேன்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நைனாவும் நானும் பின்னால் ஓடினோம். டாக்டரிடம் இலையின் பேரைச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பி, "விநாயகுடம்மா, விநாயகுடு!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் தங்கச்சி என்னை அடையாளம் கண்டு "அக்கா" என்றாள். அதற்குள் ஊரில், "தெலுங்குக்காரன் நம்ம கொயந்தைக்கு வெசம் குடுக்கச் சொல்லிக்கிறான். இப்டித்தான் எல்லைய புடிப்பானுங்கோ" என்று பேச்சாகி, அவர் கதவில் கல் விழுந்திருந்தது. அவர் சொன்னது பிள்ளையாரை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தப்பு என் தலையில் விழும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவர் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினார். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை.

இந்த வருஷமும் தங்கச்சி விளக்கேற்றினாள். அவள் பேரன் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தான். "இலைய பெட்டுக்கா, நேரமாவுது" என்றாள்.

"யாருக்குன்னு சொல்லு" என்றேன்.

"இன்னாக்கா, பிள்ளையாருக்குத்தான்."

முழுப்பேரும் காதில் விழுந்த பிறகும் முந்தானை முடிச்சை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை.