சித்தியின் அரையிறுதி

நான் பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால்களை முதலில் வெளியே நீட்டியவள். அம்மாவை அன்று படாத பாடு படுத்திய இந்தச் சங்கதி, எனக்கு ஏழு வயதானபோது செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கே பெரிய உபகாரமாகியிருந்தது. கால் முன்னால் வந்து பிறந்த பிள்ளை மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இடுப்புப் பிடித்துக்கொண்ட ரேஷன் கடைக்காரர், கழுத்து திரும்பாத டெய்லர் எல்லாரும் விடிந்ததும் எங்கள் கூடத்தில் வந்து குப்புறப் படுப்பார்கள். நான் பல்கூட விளக்காமல் வந்து மிதிப்பேன். பெரியவர்களைக் காலால் தொடுவது பாவம் என்பதால், முடிந்ததும் அவர்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அதன்பிறகு ஒரு வாழைப்பழம் கிடைக்கும். அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த அப்பா, இந்த வைத்தியம் நடக்கும்போது மட்டும் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

அம்மாவின் தங்கையான என் சித்தி எங்கள் வீட்டில் தங்கித்தான் படித்தாள். தினமும் மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போய், இருட்டும்போது வேர்வையில் நனைந்த பையோடு திரும்பி வருவாள். கல்லூரியின் கூடைப்பந்து அணியில் அவள்தான் உயரம். வீட்டில் பரணிலிருந்து எதை எடுக்க வேண்டுமென்றாலும் ஸ்டூலைத் தேடாமல் அவளைக் கூப்பிடுவோம். அவளுக்குப் படிப்புச் செலவு செய்தவர் அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா. அந்த வருஷத்தோடு ஆட்டம் போதும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பந்து விளையாடி வேலை கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் தை பிறந்ததும் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்.

வேலை கிடைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அகில இந்தியப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி அந்த வருஷம் எங்கள் ஊரிலேயே நடந்தது. அரையிறுதியைப் பார்க்க ரயில்வேயிலிருந்து ஆள் பொறுக்க வருவார்கள் என்று பேச்சு. சித்தி அதற்காக ராத்திரி பகலாகத் தவித்தாள். போட்டிக்கு முந்தின ஞாயிறு எங்களை மகாபலிபுரத்துக்குக் கூட்டிப்போய், கடற்கரை மணலில் என்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு ஓடினாள். அவ்வளவு உயரத்திலிருந்து கடலை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அரையிறுதிக்கு முதல் நாள் ஆட்டத்தில் அவர்கள் ஜெயித்தார்கள். கடைசி நிமிஷத்தில் சித்தி எம்பிக் குதித்து இறங்கும்போது இடது முழங்கால் திரும்பிக்கொண்டது. வீட்டுக்கு வருவதற்குள் அது வீங்கிவிட்டது.

"இன்னாடி இது, பூரி மாதிரி உப்பிக்கினு கீது!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்.

"ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு மாமா? வெறும் சுளுக்கு. டாக்டரு வூட்லயே கீறாங்க," என்று சித்தி அப்பாவிடம் சொல்லி, என் கன்னத்தைக் கிள்ளினாள். அம்மாவுக்கும் அதுவே சரியென்று பட்டது. அப்பா மறுபடி பேப்பரை எடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விடிந்ததும் சித்தி பாயில் காலை நீட்டிப் படுத்தாள். முழங்காலில் பாதத்தை வைத்தபோது சுட்டது. நான் பயந்து காலை எடுத்தேன். அவள் துண்டை உருட்டி வாயில் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா சித்தி?"

துண்டை எடுத்துவிட்டு, "இல்லடி, சொகமா கீது. நல்லா மிதி," என்றாள். கண்ணோரமாக வழிந்த தண்ணீரைக் கொட்டாவி என்று சொல்லித் துடைத்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, கூடத்தில் அப்பாவின் கண்ணெதிரே இரண்டு முறை நடந்து காட்டினாள். நான் வாழைப்பழத்தை உரித்தேன்.

சாயங்காலம் மைதானத்தில், பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் அந்தக் கால் நான் சரிபண்ணிய கால் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தி முதலில் இரண்டு கூடை போட்டாள். கூட்டம் கத்தியது. ரயில்வேக்காரர்கள் வரிசையில் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். மூன்றாவது முறை எம்பியவள் இறங்கியபோது கால் அவளைத் தாங்கவில்லை. அவள் போட்ட அலறல் இன்றும் எனக்குக் கேட்கிறது. ஆறுபேர் தூக்கிப்போனார்கள். ஆட்டம் நிற்கவில்லை. அந்த மனிதர் மறுபடி குனிந்து வேறு யாரையோ பற்றி எழுத ஆரம்பித்தார்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர், ஜவ்வு முழுக்கக் கிழிந்துவிட்டது என்றார். "நேத்தே வந்திருந்தா பாதியோட போயிருக்கும். நான் ஆடவே விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும் சார்," என்றாள் சித்தி.

தெரிந்தவள் என்னை ஏன் மிதிக்கச் சொன்னாள் என்று நான் யோசிக்கவில்லை. என் கால் ஏன் பலிக்கவில்லை என்பதுதான் என் கவலையாக இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவளுக்கு அந்தக் கால் முழுக்க மடங்கவில்லை. பெரிய மாமா சொன்னபடியே தையில் மாப்பிள்ளை பார்த்தார். கால் இப்படி என்பதால் வந்த இடத்துக்கே பேசி முடித்தார்கள். சித்தியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய உயரம்கூடக் குறைந்துவிட்டது போல் இருந்தது. எங்கள் வீட்டில் ஸ்டூல் வாங்கினார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மறுபடி மகாபலிபுரம் போனோம். எல்லாரும் தண்ணீரில் நிற்க, சித்தி மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய், என் கால் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன். அவள் என் பாதத்தை மடியில் எடுத்துவைத்து மணலைத் தட்டிவிட்டாள்.

"ஒங்காலு மேல ஒரு குத்தமும் இல்லடி. நல்ல காலு. எல்லாரும் ஆட வேணாம்பாங்க. இது மட்டும் வேணாம்னு சொல்லாது."

எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் இன்னொரு முறை மிதிக்கட்டுமா என்று கேட்டேன். சித்தி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கி, தையல் தழும்போடு இருந்த முழங்காலைக் காட்டி, "மிதி," என்றாள். நான் லேசாக மிதித்து, மறக்காமல் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அடுத்த வருஷப் போட்டிக்குள் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தைரியமும் சொன்னேன்.