கல்லான அரண்மனையில் ஒரு வயலின்

இதில் நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பும் இல்லை. போன மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை, புத்தூரில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் நடந்தது. என்னோடு எங்கள் இசைக்குழுவின் பதினாறு பேர் இருந்தார்கள். ஒலிப்பதிவும் இருக்கிறது.

நான் குகதாசன். மூன்று வருடமாக ஒரு மாயக்கதையை ஓர்கெஸ்ரா இசையாக எழுதினேன். மந்திரவாதி ஒருவன் அரண்மனை முழுவதையும் கல்லாக்குகிறான். அந்த இடத்தில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நிற்கும். எட்டு விநாடி ஒரு சத்தமும் வரக்கூடாது. பிறகு எங்கள் குழுவின் பிரதீபாவின் வயலின் மட்டும் தனியாக வாசித்து, கல்லான இளவரசியை எழுப்பும். அந்த எட்டு விநாடியில்தான் கதையின் உயிரே இருக்கிறது. ஒஸ்லோவில் ஓர் இசைவிழா. தேர்வானால் அங்குள்ள பெரிய ஓர்கெஸ்ரா அதை வாசிக்கும். வெட்டி ஒட்டாமல், ஒரே மூச்சில் எடுத்த பதிவு அன்று இரவு எட்டு மணிக்குள் போய்ச்சேர வேண்டும்.

அன்று காலைதான் பார்த்து, குழுவின் இன்னொரு வயலின்காரன் கோபிசங்கர் மோட்டார் சைக்கிளால் விழுந்து வயலினை உடைத்தான். பின்னேரம் 4.50க்கு வேறொரு வயலினோடு வந்தான்.

“ஆரின்ரை உது?”

“தெரிஞ்ச ஆக்களின்ரை, அண்ணை.”

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த வயலின் சுருதியில் நிற்கவே இல்லை. தந்தியை முறுக்கி விட்டால், முறுக்கும் ஆணியான பிரடை கிறீச் என்று தானாகப் பின்னுக்குத் திரும்பியது. ஐந்து தரம், ஆறு தரம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இப்படி ஒரு வயலினோடு முன்பும் சண்டை பிடித்ததாக ஒரு நினைப்பு. எங்கே என்று பிடிபடவில்லை.

5.42. முதல் பதிவு. அரண்மனை கல்லானது. எல்லாரும் நிறுத்தினார்கள். நாலாவது விநாடியில்... மெல்லிய வயலின் சத்தம்.

“கோபி! என்ன கோதாரி உது?”

“நான் வாசிக்கேல்லை, அண்ணை.”

“அப்ப பேயே வாசிச்சது?” என்று கத்தினேன்.

6.25. இரண்டாவது பதிவு. அதே இடம். அதே சத்தம். இந்தமுறை தெளிவாகக் கேட்டது. ஐந்து சுரங்கள். மேலே ஏறிப்போய், கடைசிச் சுரத்தில் தயங்கி நின்றது. நான் எழுதாத சுரங்கள். கையிலிருந்த தாள்களை நிலத்தில் அடித்தேன்.

“உங்களோடை மாரடிக்கிறதிலும் பாக்க நான் சுவரோடை கதைக்கலாம்!”

செலோ வாசிக்கும் கொலின்ஸ் எதற்கும் சிரிப்பவர். அவரும் சிரிக்கவில்லை. “குகன், அவன்ரை வில் நிலத்திலை கிடந்தது. நான் கண்டனான்.”

எனக்கு விசர்தான் ஏறியது. கோபியை வெளியே போய் நிற்கச் சொன்னேன். வயலினைக் கதிரையில் கிடத்தினேன். அவனுடைய வில்லைப் பிடுங்கி, அதையே ஆட்டி வாசிப்பை நடத்தத் தொடங்கினேன்.

7.08. மூன்றாவது பதிவு.

அரண்மனை கல்லானது. நான் கையை உயர்த்திப் பிடித்தேன்.

ஒன்று... இரண்டு... மூன்று...

என் கையில் இருந்த வில் அசைந்தது.

யாரோ மறுமுனையைப் பிடித்து இழுத்தார்கள்.

மெதுவாக...

கதிரையில் கிடந்த வயலினின் தந்தி அதிர்ந்தது.

ஐந்து சுரங்கள்.

பிரதீபாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஆனாலும் அந்தக் கடைசிச் சுரத்திலிருந்தே பிடித்து வாசிக்கத் தொடங்கினாள். வாசித்து முடித்தாள்.

நாலாவது தரம் வாசிக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. 7.51க்கு, அந்தச் சத்தத்தோடேயே பதிவை அனுப்பினேன். மூன்று வருட உழைப்பு மண்ணாய்ப் போனது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலில் கோபி நின்றான்.

“அண்ணை, கத்தாதேங்கோ. கொழும்புத்துறையிலை ஒரு செத்தவீடு. பிரியந்தினி எண்டொரு பிள்ளை. டெங்கு. அவளின்ரை வயலினைத் தாய்க்குத் தெரியாமல் மாமன்காரன்தான் எடுத்துத் தந்தவர்.”

“அந்தியேட்டி முடிஞ்சுதே?”

“இல்லை, அண்ணை. இண்டைக்கு இருபதாம் நாள்.”

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து துடக்கு என்கிற தீட்டுக் கழியும்வரை செத்தவரின் சாமானை எங்கள் பக்கத்தில் வெளியே கொடுப்பதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

“ஏனடா முதலே சொல்லேல்லை?”

“சொன்னா நீங்கள் கத்துவியள்.”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஜனவரி மாதம், இதே மண்டபம். எங்களோடு சேர்ந்து வாசிக்கக் கேட்டு ஒரு பிள்ளை வந்தாள். அவளுடைய வயலின் சுருதியில் நிற்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் நான் சொன்னேன்: “சுருதி நிக்காத வயலினைத் தூக்கிக்கொண்டு இஞ்சை வராதை.” அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஒத்திகை முடியும்வரை வெளியே படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மே மாதம் ஒஸ்லோவிலிருந்து கடிதம் வந்தது. தேர்வாகிவிட்டோம். அமைதிக்குள் வாசித்தவரின் பெயரை அச்சிட வேண்டும், எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

தாயிடம் மன்னிப்புக் கேட்காமல் பெயரைக் கொடுக்க மனம் வரவில்லை. கோபியிடம் நம்பர் வாங்கினேன். மகளின் போனைத்தான் இப்போது தாய் பாவிக்கிறாராம். நம்பரை வட்ஸ்அப்பில் போட்டதும் ஒரு பழைய குரல் மெசேஜ் வந்து நின்றது. பெப்ரவரி 3, காலை 6.17. தெரியாத நம்பர் என்று நான் திறக்காமலே விட்டது.

இப்போது திறந்தேன்.

“சேர்... கோவிக்காதேங்கோ. அந்த எட்டு செக்கன் எல்லாரும் சும்மா இருக்கினம்தானே. அதுக்குள்ளை, இளவரசி கல்லுக்குள்ளை இருந்து கூப்பிடுற மாதிரி, இதை வாசிச்சா என்ன?”

பிரடை கிறீச் என்றது.

பிறகு... ஐந்து சுரங்கள்.