மண்மேட்டில் முப்பது பாத்திகள்

எழில்மதி முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது புல்லின் வேரில் குடியிருக்கும் ஒரு பூஞ்சையை. முடியைவிட மெல்லிய இழைகளை அது மண்ணுக்குள் நீட்டும். தண்ணீரும் சத்தும் கொண்டுவந்து புல்லுக்குத் தரும். புல் அதற்குச் சர்க்கரை ஊட்டும்.

அவள் தேர்ந்த இடம், நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய மண்மேடு. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணைத் தோண்டிக் கொட்டியதில் எழுந்த குன்று அது. கொட்டியவர்களில் அவள் அப்பா சடையப்பனும் ஒருவர். இருபத்தாறு வருஷம், மண்ணை மேட்டுக்குக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை. பெர்மனன்ட் ஆகவே இல்லை.

2013இல் சரிவில் பன்னிரண்டு பாத்திகள் கட்டிப் புல் நட்டாள். ஆறில் மட்டும் பூஞ்சை வாழும் பழைய மேய்ச்சல் நிலத்து மண்ணைக் கைப்பிடி கலந்தாள். மாதாமாதம் வேரெடுக்கப் போவாள். வேலை முடிந்தும் கீழிறங்க மனம் வராது. தூரத்தில் இயந்திரங்கள் முனகும்; காற்றில் புல் ஒருபக்கமாகச் சாயும். மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்தால், அடியில் இழைகள் ஒன்றையொன்று தேடி ஊர்வதுபோல் இருக்கும். கண் சொக்கும்.

ஒருநாள் அப்பாவை ஆய்வகத்துக்கு அழைத்துப்போனாள். நீலச்சாயம் ஏற்றிய வேரை நுண்ணோக்கியில் காட்டினாள்.

"இன்னாம்மா இது, குட்டிக்குட்டி மரமாட்டம் இருக்குது?"

"அதான்ப்பா பூஞ்சை. நீங்க கொட்டுன மண்ணுல வளந்தது."

அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "செத்த மண்ணுன்னு சொல்லிக்கினு இருந்தோம்" என்றார்.

2015 மழையில் சரிவு இறங்கியது. வெயில் வந்து ஏறிப் பார்த்தபோது நான்கு பாத்திகள்தான் மிச்சம். மூன்றில் பூஞ்சை கலந்திருந்தது. உற்சாகத்தோடு வழிகாட்டிப் பேராசிரியர் மெர்லினுக்குப் போன் செய்தாள்.

"மூணு பாத்திய வெச்சு எதுவும் சொல்ல முடியாது எழில். சரிவு எல்லா இடத்துலயும் ஒண்ணா இல்லையே. திரும்பப் போடணும்."

அது சரியென்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு மாதம் மேட்டுப்பக்கம் போகவில்லை. தை பிறந்து ஒரு காலையில் சடையப்பன் சைக்கிளில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"பாத்தி எத்தினி அடிம்மா?"

"ரெண்டுக்கு ரெண்டுப்பா."

இந்தமுறை முப்பது பாத்திகள், சமதளத்தில். மூன்று மழைக்காலம் போனது. பூஞ்சை கலந்த புல் கூடுதலாகத்தான் வேர்விட்டிருந்தது. அவள் கனவு கண்ட அளவுக்கு இல்லை. இருந்ததை இருந்தபடி எழுதினாள்.

2019இல் வாய்மொழித் தேர்வு. மேட்டின் உச்சி மண் எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று தேர்வாளர் கேட்டார். எழில்மதி தயங்கி அரங்கின் கடைசி வரிசையைப் பார்த்தாள். சடையப்பன் எழுந்தார்.

"நூறடிக்குக் கீழ இருந்துங்க. மேல் மண்ண மொதல்ல கொட்டிட்டோம். அது அடியில கெடக்குது."

தேர்வாளர் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.