சுண்ணாம்புக் கோட்டுக்குள் பஞ்சுருட்டான்

பறவையையும் பூச்சியையும் கணக்கெடுக்கிற வேலையில் ஓய்வு நாள் உண்டு. ஆனால் நாம் போகாத அன்றைக்குத்தான் ஏதாவது நடந்துவிடும் என்று கால் வீட்டில் நிற்காது. என்னைப் போலப் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கஞ்சிக்கோட்டில் மில் வேலை முடிந்து, மனைவியும் இறந்துபோன பிறகு, எலப்புள்ளி வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. நடக்க ஆரம்பித்தேன். கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் தேடினேன். பிறகு எல்லையோரத் தோப்புகளில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க ஒரு ஆராய்ச்சிக் குழு என்னையும் சேர்த்துக்கொண்டது. மீனாட்சிபுரம் பக்கம் என் பங்குக்கு வந்தது.

மேலே பார்த்தால் எக்சைஸ்

தென்னை உச்சியில் ஒரு மரங்கொத்தி. பைனாகுலரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மரத்தில் கள் இறக்கிக்கொண்டிருந்தவர் பாதி வேலையில் சரசரவென்று இறங்கி வந்து, "லைசென்ஸ் ஊட்டுல இருக்குதுங்க சாரே, எடுத்தாரட்டுங்களா?" என்றார். நான் கள் லைசென்ஸ் சோதிக்கிற எக்சைஸ் அதிகாரி இல்லை, பறவை பார்க்கிறவன் என்று சொல்லி நம்ப வைப்பதற்குள் மரங்கொத்தி போய்விட்டது.

"அதுக்குச் சம்பளமுங்களா?" என்றார். பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் தருகிறார்கள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி மரத்தில் ஏறினார். மேலே போனதும் அவருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "ஏனுங்க, இப்பிடித் திரிஞ்சா ஊட்டுல யாரும் ஒண்ணும் கேக்கறதில்லீங்களா?"

மஞ்சள் கிண்ணம்

பூ என்று நினைத்து மஞ்சள் நிறத்தைத் தேடி வரும் சிறு பூச்சிகளைப் பிடிக்க, மஞ்சள் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தரையில் வைப்போம். காலையில் வைத்தால் சாயங்காலம் எடுப்பது முறை. ஒரு தென்னந்தோப்பில் வைத்துவிட்டு, மனசு கேட்காமல் மதியமே திரும்பிப் போனேன். கிண்ணங்கள் எல்லாம் பளபளவென்று கழுவி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, வரப்பில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அந்தத் தோப்பில் மாடு மேய்க்கும் மரகதம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள். "சோப்புத் தண்ணிய மாடு குடிச்சா வவுறு ஊதிக்கும், சொசைட்டிக்குப் பாலை உங்க பூச்சியா வந்து ஊத்தும்?"

வாடகை இல்லாத குடித்தனம்

அந்தத் தோப்பு பழனிச்சாமி என்பவருடையது. அதன் கிழக்கு ஓரத்தில் உயரமான செம்மண் கரை. கரை முகப்பில் எலி வளை போலப் பல பொந்துகள். பச்சைப் பஞ்சுருட்டான் என்ற சிறு பறவைகள் குடைந்தவை. உள்ளே குஞ்சுகள் கத்துவது வெளியே கேட்டது. பழனிச்சாமி அந்தக் கரையை வெட்டி மண் விற்கப் பெர்மிட் வாங்கி, பொக்லைனுக்கும் சொல்லிவிட்டதாக மரகதம் சொன்னாள். குஞ்சுகள் பறக்கும் வரை பொறுக்கும்படி கேட்கப் போனேன்.

போன இடத்தில்தான் கவனித்தேன்: கரைக்கு எதிரே, தென்னை நிழலில், வரிசையாக அவருடைய தேன் பெட்டிகள். தேனீயை விரட்டிப் பிடித்துக் கொம்பில் அடித்துத் தின்பதுதான் பஞ்சுருட்டானின் பிழைப்பு. நான் கேட்டதும் அவர் கையிலிருந்த மூடியைப் பெட்டிமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்ற தேனீயத் திங்கறதுக்கு நான் வாடகை இல்லாம ஊடும் குடுக்கோணுமுங்களா?"

கக்கிய உருண்டை

அவை தேனீயை மட்டும்தான் தின்கின்றனவா என்று பார்க்க வேண்டியிருந்தது. மறுநாள் கரையடியில் குனிந்து தேடினேன். பஞ்சுருட்டான் செரிக்காத இறக்கைகளையும் ஓடுகளையும் சின்ன உருண்டையாகக் கக்கிவிடும். சிலவற்றைப் பொறுக்கி, பழனிச்சாமி முன்னால் ஒரு காகிதத்தில் உடைத்துக் காட்டினேன். தட்டான் இறக்கை, வண்டின் ஓடு, தேன் பெட்டியைச் சூறையாடுகிற கதண்டுக் குளவியின் தலை. தேனீயின் இறக்கைகளும் இருந்தன, நிறையவே இருந்தன. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் ஈர்க்குச்சியால் கதண்டுத் தலையை ஒரு பக்கமும் தேனீ இறக்கையை இன்னொரு பக்கமும் ஒதுக்கி வெகுநேரம் பார்த்தார். கடைசியில், "என்ற தேனீயையும் தின்னுருக்குது, என்ற எதிரியையும் தின்னுருக்குது. இதைய எந்தப் பக்கமுன்னுங்க சேக்கறது? சரி, பறக்கற வரைக்கும் அந்த மூலையத் தொடலை, போங்க" என்றார்.

கோடு போட்ட ஊர்

அவர் சொன்ன சொல் மாறவில்லை. பொந்துகள் இருந்த பகுதியைச் சுற்றிக் கரைமேல் தானே சுண்ணாம்புக் கோடு போட்டார். பிறகு ஒரு கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சிக்குப் போய்விட்டார். போன இடத்திலிருந்து பொக்லைன் டிரைவரைக் கூப்பிட்டு, "சுண்ணாம்பு போட்டிருக்கறேன், பாத்துக்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அன்று எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் போனேன். கொழிஞ்சாம்பாறையில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்க முடியாமல் ஆட்டோ பிடித்தேன். தோப்புக்குள் நுழையும்போதே இயந்திரச் சத்தம் கேட்டது. பொக்லைன் சரியாகக் கோட்டுக்குள் வாயை வைத்திருந்தது. நான் கத்தியது டிரைவருக்குக் கேட்கவில்லை. மரகதம் கத்தவில்லை, மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் இயந்திரத்துக்கும் கரைக்கும் நடுவில் நிறுத்திவிட்டாள். இயந்திரம் நின்றது. டிரைவர் இறங்கி வந்து எங்கள் இரண்டு பேரிடமும் நியாயம் கேட்டார். "சுண்ணாம்பு போட்டாத் தோண்டோணும்னுதானுங்க எந்த ஊர்லயும். தோண்டக் கூடாதுன்னு கோடு போட்ட ஊரை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."

வாயில் தட்டானோடு

கரையின் ஓரத்துப் பொந்துகள் போய்விட்டன. மிச்சமிருந்தவற்றின் வாயை உதிர்ந்த மண் மூடியிருந்தது. மரகதம் ஈர்க்குச்சியால் மெதுவாகக் குத்தி வழி திறந்தாள். நாங்கள் விலகிப் போய் நின்றோம். தாய்ப் பறவைகள் வாயில் தட்டானோடு வந்தன, கரையைச் சுற்றின, உட்காராமல் திரும்பின. நானும் அவற்றைப் போலவே ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். டிரைவரும் போகாமல் நின்றார்.

வெயில் சாய்கிற நேரத்தில் ஒன்று பொந்துக்குள் நுழைந்தது. வெளியே வந்தபோது வாயில் தட்டான் இல்லை. பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக நுழைந்தன. மரகதம் மாட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "இனியாவது ஒரு எடத்துல உக்காருங்க, உங்களப் பாத்து என்ற மாடே மெரளுது."

அடுத்த கோடை

மிஞ்சிய குஞ்சுகள் பறந்த பிறகு, பேசியபடி கரை முழுவதையும் வெட்டி எடுத்துப் போனார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் மற்றத் தோப்புகளுக்குப் போனேன். அடுத்த கோடையில் ஒரு காலை பழனிச்சாமியிடமிருந்து போன் வந்தது. கரை இருந்த இடத்தில் பொக்லைன் செங்குத்தாக வெட்டிவிட்டுப் போன குழியின் சுவரில் பஞ்சுருட்டான்கள் பொந்து குடைகின்றனவாம். குழியை மூடித் தென்னை வைக்க அவர் ஏற்கெனவே ஆட்களுக்குச் சொல்லியிருந்தார்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டே, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். சலிப்பாகத்தான் பதில் சொன்னார். "ஆளுகள வரவேண்டாம்னுட்டனுங்க, ஆனா நீங்களே வந்து நில்லுங்க, இந்தத் தடவ நான் கோடெல்லாம் போடமாட்டேன்."

பறவைகளைக் காப்பாற்றுவதாக நாங்கள் சொல்லிக்கொள்ளும் தொழிலில் பாதி வேலை, மனிதர்களிடம் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று கேட்பது; மீதிப் பாதி, அந்தக் கொஞ்ச நாளும் பஸ்ஸில் இடமிருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே போவது.