அம்மா விழாத படங்கள்

ஸ்டுடியோவில் அவளுக்குத் தாடை அக்கா என்று பெயர். அவள் தாடைக்கும் அந்தப் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பாஸ்போர்ட் படத்துக்கு ஸ்டூலில் வந்து உட்காருகிற ஒவ்வொருவரிடமும், "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, காது ரெண்டும் தெரியணும், அசையாதீங்க" என்று வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர். அழுகிற குழந்தை முதல் விறைப்பான அதிகாரி வரை அவள் சொல்லுக்கு அடங்காதவர்கள் கிடையாது. ஊருக்கெல்லாம் முகம் எடுத்துக் கொடுத்தவள், பெற்ற அப்பாவை ஒரு படம் எடுக்காமல் விட்டுவிட்டாள்.

அப்பா வீட்டிலேயே ஃபேன், மிக்சி ரிப்பேர் பார்த்தவர். போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். "வேலை நேரத்துல என்னடி படம்" என்பார். வேலை இல்லாத நேரம் என்று ஒன்று அவருக்கு இருந்ததும் இல்லை. ஒரு மத்தியானம், ஜன்னலோரம் கிடந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. அப்போது அவள் ஸ்டுடியோவில் யாருடைய காதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் மாட்டப் படம் அகப்படவில்லை. பழைய அடையாள அட்டையில் தபால்தலை அளவுக்கு இருந்த முகத்தைத்தான் பெரிதாக்கினார்கள். அதில் ஒரு பக்கத்துக் காது வெட்டுப்பட்டிருந்தது. துக்கத்துக்கு வந்த அத்தை அதை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊரார் காதெல்லாம் பாக்கத் தெரிஞ்சுது உனக்கு. சொந்த அப்பன் காதைக் கோட்டை விட்டுட்டியே" என்றாள். அத்தை நாக்கு அப்படித்தான், நேரம் காலம் பார்க்காது. ஆனால் சொன்னது பொய்யில்லை. அந்தச் சொல் முள்ளாகத் தங்கிவிட்டது.

அடுத்த வருஷம் அவள் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் புகைப்பட வகுப்பில் சேர்ந்தாள். அங்கே ஒரே ஒரு நிபந்தனை. ஒரு கருவை எடுத்துக்கொண்டு வருஷம் முழுக்க அதையே படம் பிடிக்க வேண்டும். கூடப் படித்ததெல்லாம் பொடிசுகள். ஒருவன் தெருநாய் என்றான், ஒருத்தி பஸ் ஸ்டாப் என்றாள். இவள் 'கதவுகள்' என்று எழுதிக் கொடுத்தாள். அவளைவிட வயதில் சின்னவர் வாத்தியார், தாடி மட்டும்தான் மூத்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வருஷா வருஷம் யாராவது கதவைக் கொண்டுவந்துடறாங்க. கதவுன்னாலே எனக்கு வெளிய ஓடிடலாமான்னு இருக்குது. வேற சொல்லுங்க."

"வேற ஒண்ணும் தோணலையே சார்."

"சரி, எது உங்களை விடாம அரிச்சுக்கிட்டே இருக்கு? அதைச் சொல்லுங்க."

"எங்க அப்பா காது" என்று வாய் தவறி வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்காமல் காத்திருந்தார். அவள் முழுவதையும் சொன்னாள். அப்படித்தான் 'அப்பா இருந்த இடங்கள்' என்பது அவளுடைய கரு ஆனது.

முதல் சில மாதங்கள் எடுத்ததெல்லாம் சுத்த வேஸ்ட். ஸ்க்ரூடிரைவர், செருப்பு, கண்ணாடிக்கூடு. ஏலக்கடைக்காரன் எடுத்த படங்கள் போல இருந்தன. "பொருள் தெரியுது, ஆள் தெரியல" என்று வாத்தியார் தள்ளிவிட்டார். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

பிறகு ஒரு வழி பிடிபட்டது. லென்ஸில் கறுப்பு ஃபில்டர் ஒன்றை மாட்டினால், பட்டப்பகலிலும் ஷட்டரை நிமிஷக்கணக்கில் திறந்து வைக்கலாம். அசையாதது பதியும், அசைகிறது ஆவியாகிவிடும். அப்படி எடுத்தபோது வீடே வேறாகத் தெரிந்தது. நாற்காலிப் பிரம்பில் அவர் உடம்பு பதித்த பள்ளம், சுவரில் தலை சாய்ந்த இடத்து எண்ணெய்க் கறை, எல்லாம் மெல்ல மெல்ல மேலே வந்தன. இப்போதுதான் யாரோ எழுந்து பக்கத்து அறைக்குப் போனது போல இருந்தது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் அப்பா வந்து நிற்கிறார் என்று நினைப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். பயமா ஆசையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அம்மா அந்த வீட்டுக்குள் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் போனதிலிருந்து அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாடுகூட நின்றுகொண்டேதான்.

"குறுக்க வரலாமாடி?" என்பாள், துடைப்பத்தோடு.

"நீ பாட்டுக்கு வேலையைப் பாரும்மா. நீ படத்துல விழமாட்டே."

"அப்பாடா, நல்லதாப் போச்சு" என்று குறுக்கே நடப்பாள்.

வருஷம் முடியும் தறுவாயில் படங்களையெல்லாம் வகுப்பு மேஜையில் பரப்பினாள். வாத்தியார் வெகுநேரம் பார்த்தார். "பிரமாதம்ங்க. ஆனா இவ்வளவு பெரிய வெறுமையைப் பாக்கவே பயமா இருக்கு. வீட்டுல நீங்க மட்டும்தானா?"

"இல்ல சார், அம்மா இருக்காங்க. இந்தப் படம் எல்லாத்துலயும் இருந்தாங்க."

சொல்லி முடிப்பதற்குள் படங்களைத் தன் பக்கம் இழுத்தாள். குனிந்து தேடினாள். அடுப்படிப் படத்தில் பாத்திரம் இருந்தது, அடுப்பு இருந்தது, சமைத்த கை இல்லை. கூடத்துப் படத்தில் தரையோடு தரையாக ஒரு சாம்பல் தீற்றல் மட்டும். செத்தவரைத் தேடப் போய், உயிரோடு இருக்கிறவளைத் துடைத்துப் போட்டிருந்தாள். நாளைக்கு அம்மாவுக்கு ஒன்று ஆனால் சுவரில் எதை மாட்டுவது? மறுபடியும் அடையாள அட்டையையா?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, "அம்மா, அந்த நாற்காலியில ஒரு ரெண்டு நிமிஷம் அசையாம உக்காரேன்" என்றாள்.

அம்மா முகம் கறுத்தது. "அதுல நான் உக்கார மாட்டேன்."

"சரி, நின்னாவது..."

"சும்மா நிக்கறதுக்கு நான் என்ன கம்பமா? போய் வேற வேலை இருந்தா பாரு."

கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். அம்மா மசியவில்லை. ஆள் இல்லாத படங்களோடு முடிக்கவும் மனசு கேட்கவில்லை. ஒரு மத்தியானம் கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, நாற்காலியும் அதன் பின்னால் அடுப்படி வாசலும் தெரிகிறபடி வைத்தாள். ஷட்டர் தானாக மூடும்படி நேரம் வைத்துவிட்டு, தானே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் ஜன்னல் பக்கம், கண் மூடியிருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எழுப்பிவிடுவாள் என்று நினைத்தாள்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "டீ போடவா?"

அவள் அசையவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னதைத் தானும் செய்துகாட்டும் வீம்பு.

"உன்னைத்தான். டீ போடவா, வேணாமா?"

உதட்டைத் திறந்தால் படம் கெட்டுவிடும். காலடிச் சத்தம் வாசல் வரை வந்து நின்றது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா திரும்பிப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். ஷட்டர் மூடிய சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்து, "என்னம்மா கேட்டே?" என்று திரும்பினாள்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் ஈரத்துணி, அதிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நொடி பாய்ந்து வந்து அந்தத் துணியாலேயே மகளை மாறி மாறி அடித்தாள்.

"வாயைத் தொறந்து பதில் சொன்னா என்னடி கேடு உனக்கு? சொன்னா என்ன?"

அடித்து ஓய்ந்து தரையில் சரிந்தாள். அதுவரை யாருக்கும் சொல்லாததை அப்போது சொன்னாள். "அன்னிக்கும் டீ போடவான்னுதான்டி கேட்டேன். பதிலே இல்ல. எப்பவும் இப்படித்தானேன்னு நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தேன். கரன்ட் பில்லு, உன் கல்யாணம், எல்லாத்தையும் பேசினேன். திட்டக்கூட திட்டினேன். போன உயிர்கிட்டடி... டீயை ஆத்தி எடுத்துட்டு இந்த வாசலுக்கு வந்தப்பதான்..."

மகள் நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதாள்.

படத்தை அவள் உடனே பார்க்கவில்லை. தைரியம் வந்து பார்த்தபோது, வாசலில் அம்மா இருந்தாள். அத்தனை நேரம் ஆடாமல் நின்றிருக்கிறாள், துளி கலங்கலில்லை. நாற்காலியைப் பார்க்கிற அந்த முகம், அப்பா போன அன்றைக்கு மகள் பார்க்காத முகம், யாருமே பார்க்காத முகம். அழித்துவிடலாம் என்று மகள் நினைத்தாள். முடியவில்லை.

"அன்னிக்கு எடுத்தியே, நான் விழுந்தேனா?" என்று அம்மாவே ஒருநாள் கேட்டாள்.

தயங்கித்தான் நீட்டினாள். அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கிட்டே பிடித்தும் எட்டப் பிடித்தும் பார்த்தாள்.

"காது ரெண்டும் தெரியுது" என்றாள் கடைசியில். "இதையே குடு, உங்க வாத்தியார்கிட்ட."

பார்த்துக்கொண்டே, தன்னையறியாமல் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மகள் அதைக் கவனித்தும் கவனிக்காதது போல அடுப்படிக்குப் போனாள். பாலை வைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, டீ போடவா?"

பதில் இல்லை. பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைக்க அவள் கை எழவில்லை, கண் வாசலிலேயே நின்றது.

"போடேன்" என்றது கூடத்திலிருந்து குரல். "சர்க்கரையைக் கம்மியாப் போடு."