வந்திருக்கிற அம்மா

என் மகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒருவர்கூட அதை நோய் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மரியாதை இல்லை. "அம்மா வந்துருக்காங்க" என்றுதான் சொல்ல வேண்டும். மாரியம்மன் தானாக வீடு தேடி வந்து பிள்ளையின் மேல் இறங்கியிருக்கிறாள். மனம் கோணாமல் கவனித்துக்கொண்டால் வந்த மாதிரியே போய்விடுவாள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கையும் கிடையாது, பெரிய எதிர்ப்பும் கிடையாது. நான் இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவன். முன் கண்ணாடியில் மாரியம்மன் படம் ஒட்டியிருக்கிறேன், பிரேக்கையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டில் மூன்று பேர். நான், முதலாம் வகுப்புப் படிக்கும் மகள், என் அக்கா. அக்கா கொழுந்து பறிக்கிறவள், அத்தான் தவறிய பிறகு எங்களோடு வந்துவிட்டாள். என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். மகளுக்குப் பேச்சு சரியாக வராத வயதில் போனவள். இரண்டு வருஷம் என்று போனாள், அது முடிந்ததும் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள், அதுவும் முடியப் போகிறது. மறுபடியும் இருக்கச் சொல்லி அந்த வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். லயத்துக்கு மேலே நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. அவள் அங்கே இருந்தால் கூரை வரும். எனக்கோ அவள்தான் வர வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லாமல் "ஒன் இஷ்டம்" என்று சொல்லிவைத்திருந்தேன். அப்படிச் சொன்னால் சண்டை வராது.

கொப்புளத்தைப் பார்த்ததும் பிள்ளையை ஆட்டோவில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டாம், சொறியவிடாதீர்கள் என்று சொல்லி, காய்ச்சலுக்குக் குடிக்கப் பாணி மருந்தும் பூசுவதற்கு ஒரு தண்ணி மருந்தும் கொடுத்தார். போத்தலைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறிவிட்டது. அம்மா வந்திருக்கிற வீட்டில் மருந்து எடுத்தால் அம்மாவைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி என்றாள். நானும் குரலை உயர்த்தினேன், அவளும் உயர்த்தினாள். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். மருந்து கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் சாமி படத்துக்கு முன்னால் போத்தலை வைத்து, "கோவிச்சுக்காதீங்க தாயே, டாக்டரு சொல்லிட்டாரு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நான் அப்படியே செய்தேன். டாக்டர் மேல் பழியைப் போடுவதில் எனக்கொன்றும் நட்டமில்லை.

மற்ற சட்டதிட்டங்களையெல்லாம் அக்காவே பார்த்துக்கொண்டாள். தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே நின்றுவிட்டாள். தாளிக்கக்கூடாது, பொரிக்கக்கூடாது, தலை சீவக்கூடாது, கண்ணாடி பார்க்கக்கூடாது. புருஷன் பெண்டாட்டி தள்ளிப் படுக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. நடுவில் ஒரு கடலே இருக்கிறது, அதை நாங்கள் நாலு வருஷமாகக் கடைப்பிடிக்கிறோம் என்றேன். அக்கா சிரிக்கவில்லை. பிள்ளையை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பதுதான் முக்கியமான விதி. அவளையே அம்மாவாக நினைத்து, "என்னம்மா வேணும்? குடிக்கிறீங்களா தாயே?" என்றுதான் கேட்க வேண்டும், கேட்டதைக் கொடுக்க வேண்டும். என் மகளுக்கு இது நன்றாகப் பிடித்திருந்தது. தெம்பிலி இளநீரும் மாம்பழமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, பாயில் மகாராணி மாதிரிப் படுத்திருந்தாள்.

வேப்பிலைதான் பெரிய பாடாகிப் போயிற்று. மாரியம்மனுக்கு வேப்பிலை இல்லாமல் ஆகாது, எங்கள் குளிருக்கோ வேப்பமரம் வளராது. எங்கள் பெரியவர்கள் இந்தியாவிலிருந்து அம்மனை மட்டும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள், மரத்தை விட்டுவிட்டார்கள். திருவிழா என்றால் மாத்தளைப் பக்கமிருந்து லொறியில் வரும். இப்போது எனக்கு அவசரம். ஆட்டோவை இறக்கத்தில் விட்டுக்கொண்டு பொல்பிட்டியவுக்குப் போனேன். அங்கே கொஞ்சம் சூடு அதிகம், மின்சார நிலையத்துக்குக் கிட்ட ஒரு சிங்கள வீட்டு முற்றத்தில் ஒரு வேப்பமரத்தைப் பார்த்த ஞாபகம். போய் "கொஹொம்ப கொள" கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மா எதற்கு என்று விசாரித்தாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி முடிக்கும் முன்பே, "அம்மாவருங்கே லெட" என்றாள். அம்மாமார்களுடைய நோய் என்று அர்த்தம். அவர்களுக்கும் அது அம்மாதான், பேர்தான் பத்தினித் தெய்வம். என்னை மரத்தில் கைவைக்க விடவில்லை. உள்ளே போய்க் கைகால் கழுவிவிட்டு வந்து, கும்பிட்டு, தானே ஒடித்துக் கொடுத்தாள். பிள்ளைக்குச் சுகமானதும் ஏழு தாய்மாரை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பால்சோறு கொடுக்கச் சொன்னாள். அவர்களைக் கிரி அம்மா, அதாவது பால் அம்மா என்பார்களாம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஏழு தாய்மாருக்கு எங்கே போவது, என் வீட்டில் இருக்க வேண்டிய ஒருத்தியே குவைத்தில் இருக்கிறாள் என்று வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது.

லயத்தில் எங்கள் சுவரை ஒட்டிய அடுத்த காம்பராவில் இருக்கும் அம்மா வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். நான் வேப்பிலைக் கொத்தை வாசலில் சொருகுவதைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் படியிலேயே நின்று, ஒரு சின்ன மாதா படத்தை அக்காவிடம் நீட்டினார். பிள்ளையின் தலைமாட்டில் வைக்கச் சொன்னார். அக்கா மறுக்கவில்லை, மாரியம்மன் படத்துக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்தாள். எனக்கு அக்காவைச் சீண்டிப் பார்க்கும் ஆசை வந்தது. தோட்டத்துக் கோயிலில் இருப்பது மாரி, ஃபேக்டரி வளைவில் சூலத்தோடு நிற்பது காளி, ஓடைக்கரையில் ஏழு கல்லாக இருப்பது கன்னிமார், பொல்பிட்டியவில் பத்தினி, இப்போது மாதாவும் வந்துவிட்டார், இத்தனை பேரில் பிள்ளைமேல் இறங்கியிருப்பது யார் என்று கேட்டேன். அவள் ஈர வேப்பிலையால் பிள்ளையின் முதுகை வருடிக்கொண்டே, "எல்லாம் ஒரே அம்மாதான் தம்பி. எடத்துக்கு ஒரு பேரு" என்றாள். மகள் கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது. வேலை முடிந்து வந்து ஆட்டோச் சாவியை மேசையில் போட்டேன். அவள் சுவரோரமாக ஒட்டிப் படுத்திருந்தாள். பாயில் பாதி காலியாக இருந்தது, தலையணையும் அந்தப் பக்கம்தான் கிடந்தது. வாயில் விரலை வைத்து, "சத்தம் போடாதப்பா, அம்மா தூங்குது" என்றாள். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது. அம்மாவுக்கு என்று கேட்டு வாங்கி வைத்தாளாம். கேட்டதைக் கொடுக்க வேண்டும் என்பதால் அக்காவும் சாமிக்குத்தான் என்று எண்ணிக் கொடுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தவர்கள், வாசலில் நின்றவர்கள் எல்லாரும் "அம்மா வந்துருக்காங்க, அம்மா வந்துருக்காங்க" என்று அவள் காதுபடவே சொல்லியிருக்கிறோம். "அம்மா எப்ப வருவாங்க?" என்று நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை அதை வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்?

உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். இது சாமி அம்மா, உன்னுடைய அம்மா குவைத்தில் இருக்கிறாள், போனில் தினமும் பார்க்கிறாயே அவள்தான் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "எல்லாம் ஒரே அம்மாதான்னு அத்தை சொல்லுச்சு. அப்ப இதுவும் என் அம்மாதானே?" என்றாள். அக்காவைப் பார்த்தேன். அக்கா அடுப்பைப் பார்த்தாள். பெரிய பெரிய சாமியார்கள் சொல்கிற விஷயத்தைத்தான் பிள்ளையும் சொல்கிறது, இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

இரவு மனைவி வீடியோவில் வந்தாள். கொப்புளத்தைப் பார்த்து அழுதாள், தனக்கு ஏன் முதலிலேயே முழுசாகச் சொல்லவில்லை என்று கோபப்பட்டாள். மகள் போனை வாங்கி, காலியாக இருந்த பாதிப் பாயின் பக்கம் திருப்பி, "அம்மா வந்துருச்சு. இங்க இருக்கு பாருங்க" என்றாள். பிள்ளை காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று மனைவி பயந்துபோனாள். நான் வெளியே வந்து, ஆட்டோவுக்குள் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அம்மனே நேரில் வந்து நம் பிள்ளைக்குத் துணையாகப் படுத்திருக்கிறாள், அதைவிட வேறென்ன வேண்டும் என்றாள். அவள் அப்படி எடுத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே இதைச் சாக்காக வைத்தே கையெழுத்தைப் போட்டுவிடுவாளோ என்று தோன்றியது.

கொப்புளங்கள் வாடிப் பொருக்குத் தட்டியதும், தலைக்குத் தண்ணீர் ஊற்ற அக்கா ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்தாள். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடாக்கினாள். மனைவியும் பார்க்க வேண்டும் என்றதால் நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் முதலில் வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் ஊற்றினால் அம்மா போய்விடுவாள் என்று யாரோ பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. ஊற்றாவிட்டால் உடம்பு அரிக்கும், பள்ளிக்கூடம் போக முடியாது என்று எல்லாரும் மாறி மாறிக் கெஞ்சி ஒருவழியாக உட்கார வைத்தோம். அழுதுகொண்டேதான் குளித்தாள்.

படுக்கையில் போட்டிருந்த வேப்பிலையையெல்லாம் ஒரு சொளகில் அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போனோம். நான் போனோடு, அக்கா சொளகோடு, பின்னால் லயத்துப் பெண்கள் சிலர். இலையைத் தண்ணீரில் விட்டு அம்மாவை அனுப்பிவைக்க வேண்டும். எங்கள் பக்கம் யாரும் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்படமாட்டார்கள், "போய்ட்டு வர்றேன்" என்பார்கள். அனுப்புகிறவர்களும் "போய்ட்டு வாங்க" என்பார்கள். இந்த ஒரு அம்மாவை அனுப்பும்போது மட்டும் அப்படிச் சொல்லக்கூடாது. "குளுந்து போங்க தாயே, மலையேறுங்க தாயே" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். திரும்பி வா என்று வாய் தவறிச் சொன்னாலும் வந்துவிடுவாள் என்று பயம்.

அக்கா சொல்ல வேண்டியதைச் சொல்லி இலையை விட்டாள். இலைகள் கல்லில் தட்டித் தட்டி இறங்கிப் போயின. மகள் ஓடைக்கரையில் குந்தி உட்கார்ந்து, போகிற இலையைப் பார்த்து, "போய்ட்டு சீக்கிரம் வாம்மா" என்றாள்.

பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அக்கா ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். அதற்குள் என் கையிலிருந்த போனில், "வர்றேன் கண்ணு, அம்மா சீக்கிரம் வர்றேன்" என்று மனைவியின் குரல் கேட்டது. தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள் பாவம்.

மகள் அக்காவின் கையை விலக்கிவிட்டுப் போனைத் திரும்பிப் பார்த்தாள். "நான் ஒங்களச் சொல்லலீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. டீச்சரிடம் பேசுவது போல மரியாதையாகச் சொன்னாள். லயத்துப் பிள்ளைகள் பெற்ற தாயை நீ, வா, போ என்றுதான் பேசும். சாமியையும் அப்படித்தான் கூப்பிடும். டீச்சர், டாக்டர், ஆட்டோவில் ஏறுகிறவர்கள், இப்படி வெளியாட்களுக்குத்தான் 'ங்க' போடுவது. அவள் எப்போதிலிருந்து தன் அம்மாவுக்கு 'ங்க' போட ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், காதில் ஏறவே இல்லை. நான் பார்த்தபோது திரையில் மனைவியின் முகம் இல்லை, மேலே ஓடும் மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. போனைக் கீழே வைத்துவிட்டாள் போலிருக்கிறது.

மறுநாள் நான் டவுனில் சவாரிக்குக் காத்திருக்கும்போது அவள் கூப்பிட்டாள், வீடியோ இல்லாமல். அந்த வீட்டுக்காரர்களிடம் இனி இருக்க முடியாது என்று சொல்லிவிட்டாளாம், டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறாளாம். கூரையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை. எனக்குச் சந்தோஷம்தான். பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க. அம்மா வர்றாங்கன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றாள். "நான் வந்து நிக்கிறேன். மொதல்ல அவ என்னைய யாருன்னு கேக்கட்டும்."