ரேணுகா அடுக்கிய பட்டன்கள்

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடை என்னுடையது. ஆலங்காயத்திலிருந்து காலை பஸ் ஏறி வந்து கடை திறக்கிறவள் நான், கரண்டு பில் கட்டுகிறவளும் நான். ஆனால் என் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தைத் தடிமனாக்க எனக்கு வக்கில்லாமல் இருந்தது. அதற்குக் காரணம் ரேணுகாதேவி.

மலைப் பெண். மனு அடிக்க வேலைக்கு வந்தாள். கம்ப்யூட்டரில் இருந்தது பழைய வேர்டு. வந்த மாதத்திலேயே தனக்கு வேண்டாத பட்டன்களை எல்லாம் எடுத்துப் போட்டாள். மிச்சத்தை இழுத்துத் திரையின் இடது ஓரத்தில் வரிசையாக நிறுத்தினாள். அதோடு விட்டாளா? பட்டன்களின் படங்களையும் மாற்றினாள். காப்பிக் கோப்பை என்றால் கட்டம் போடுவது. மணி என்றால் பக்க எண். சிரிக்கிற மூஞ்சி என்றால் பிரிண்ட். இதெல்லாம் அவள் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. தம்பி கல்யாணத்துக்கு அவள் லீவு போட்ட அன்று நான் உட்கார்ந்து மணியை அமுக்கினேன், இதயத்தை அமுக்கினேன், சாவியை அமுக்கினேன், கடைசியில் எல்லாரையும் நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினேன்.

ஏன் இப்படிப் பண்ணுகிறாய் என்று நான் கத்தாத நாள் இல்லை. "எனக்கு இதான்க்கா சுளுவு" என்பாள். சுளுவாவது மண்ணாவது. விஷயம் வேறு. அவள் புருஷன் வெற்றிவேல் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் நீயும் வந்துடு, ரெண்டு பேரும் சம்பாதிக்கலாம் என்பான். இவள் ஒரே பதிலைச் சொல்வாள். "நான் வந்துட்டா கடை நின்னுடும் மாமா. அந்த அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது." ஒருமுறை அவனே வந்து திரையைப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

போன ஐப்பசி மழையில் ஒரு இடி இடித்தது, கம்ப்யூட்டர் செத்தது. என் தம்பி ஆகிப் வாணியம்பாடியிலிருந்து புதுசு கொண்டுவந்து மாட்டினான். அதில் புது வேர்டு. மேலே அகலமாக ஒரு பட்டை, அதில் பிரிவு பிரிவாகப் பட்டன்கள், முக்கால்வாசிப் பட்டன்களுக்குக் கீழே பெயர்.

ரேணுகா அந்தப் பட்டையைப் பிடித்து இடது பக்கம் இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

"இன்னாக்கா இது, நகரவே மாட்டேங்குது."

மேலே மூலையில் சின்னதாக ஒரு வரிசை இருந்தது. அதில் நாலு பட்டனைக் கொண்டுபோய் வைத்தாள். ஆனால் படத்தை மாற்ற அவளுக்கு வழி கிடைக்கவில்லை. எழுந்தாள், வாசலுக்குப் போனாள், வந்தாள், உட்கார்ந்தாள். டீ வாங்கி வந்து ஆற விட்டாள். மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"தள்ளு" என்று நானே உட்கார்ந்தேன். புளி விவசாயி வேடியப்பன் பட்டா மாற்ற மனுவுக்காகக் காத்திருந்தார். பெயர்தான் கீழேயே எழுதியிருக்கிறதே, தேடித் தேடி அமுக்கினேன். கட்டம் வந்தது, பக்க எண் வந்தது, பிரிண்டும் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கடையில் என் கையால் ஒரு மனு. திரும்பிப் பார்த்தால் ரேணுகா முகத்தில் ரத்தமே இல்லை.

"இனிமே நான் எதுக்குக்கா?" என்றாள்.

"பைத்தியமா நீ? உன்ன யாரு போகச் சொன்னது?"

"நீ சொல்ல மாட்ட. நாளைக்கு மாமா வருது. உனக்கே அடிக்க வந்துடுச்சுன்னு தெரிஞ்சா கூட்டிட்டுப் போய்டும். நான் அங்க ஆறு மாசம் இருந்து பாத்துட்டேன்க்கா. லைன் வூட்ல ஒரே ரூம்பு. காலையில போனா ராத்திரி வரைக்கும் பனியன்ல நூல் பிசிறு வெட்டணும். ஒருத்தருக்கும் என் பேரு தெரியாது. இங்க பஸ்ஸு எறங்குறவங்க ரேணுகாம்மா இருக்குதான்னு கேட்டுனு வர்றாங்க."

என் ஆத்திரமெல்லாம் எங்கே போனதோ. பாவமாக இருந்தது. "வரட்டும், நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மறுநாள் வெற்றிவேல் வந்தான். ரேணுகா உட்காரவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் பேப்பர் கட்டுகளை இங்கிருந்து அங்கே மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அவன் புது மெஷினைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டான்.

"அக்கா, இவ இல்லாம கடை நடக்குங்களா?"

"எங்கப்பா நடக்கும். எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது." துணிந்து சொன்னேன், அல்லா மன்னிக்கட்டும்.

மனுவை ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்ற வேடியப்பன் வாயைத் திறந்தார். "இன்னாம்மா சொல்ற, நேத்து நீதான எனக்கு அடிச்சுக் குடுத்த? நல்லா இருக்குன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

அவரை அங்கேயே கடித்துத் துப்பலாம் போலிருந்தது. வெற்றிவேல் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நான் வேறு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் ரேணுகா கையில் இருந்த கட்டைக் கீழே வைத்தாள்.

"கடை நடக்கும் மாமா. அக்காவே எல்லாம் அடிக்கும். எனக்குத்தான் அங்க வர இஷ்டம் இல்ல."

"அப்ப இத்தினி வருசமா சொன்னது?"

"பொய்யி."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

அவன் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வேடியப்பன் காசை வைத்துவிட்டு மெதுவாக நழுவினார். திருப்பத்தூர் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தபோதுதான் அவன் எழுந்தான்.

"கேட்டிருக்க மாட்டேன்" என்றான்.

தனியாகத்தான் பஸ் ஏறினான்.